நயினாதீவுக் கல்லும் கெய்ரோ சென்ற மடலும்

தரம் பத்துப் பிள்ளைகளுக்கு முதலாம் பராக்கிரமபாகுவைப் படிப்பித்துக்கொண்டிருந்தேன். பராக்கிரம சமுத்திரம், பொலநறுவைக் கட்டடங்கள், கடல்கடந்த படையெடுப்புகள் என்று பாடம் வழமைபோல் போய்க்கொண்டிருந்தது. பின்வாங்கில் இருந்த ஒரு பையன் எழுந்து, "சேர், அந்த ராசாவின்ர கல்லொண்டு நயினாதீவிலயும் இருக்காம். அதில என்ன எழுதியிருக்கு?" என்று கேட்டான்.

"கப்பல் உடைஞ்சால் சாமான் ஆருக்கெண்டு எழுதியிருக்கு" என்றேன்.

வகுப்பு நிமிர்ந்து உட்கார்ந்தது. குளத்துக்கும் கோட்டைக்கும் நிமிராத வகுப்பு அது. எங்கள் தீவகத்துப் பிள்ளைகளில் பாதிப்பேர் கடற்றொழில் செய்யும் வீடுகளிலிருந்து வருபவர்கள். சோளகக் காற்றில் எந்தக் கரையில் என்ன ஒதுங்கும் என்று அவர்களுக்குத் தெரியும். மிதவை, நைலோன் கயிறு, பலகை, சில வேளைகளில் ஒரு முழுப் பீப்பாய். கண்டெடுத்தவனுக்கே அது சொந்தம் என்பது அவர்கள் அறிந்த சட்டம். அப்படியிருக்க ஓர் அரசன் இதற்கென்று கல்வெட்டு நாட்டினான் என்பது அவர்களுக்கு வியப்பாக இருந்தது. அடுத்த மாதமே குறிகட்டுவானில் படகேறி, பிள்ளைகளை நயினாதீவுக்கு அழைத்துச் சென்றேன். அந்தப் பயணமே இக்கட்டுரைக்கு வித்து.

நாகபூசணி அம்மன் ஆலயத்தில் இருக்கும் அக்கல்லைப் பற்றி நான் முதன்முதலில் அறிந்தது கோப்பாய் ஆசிரிய கலாசாலையில் பயிற்சி பெற்ற நாட்களில்தான். பேராசிரியர் கா. இந்திரபாலா அதனை வாசித்து 1963ஆம் ஆண்டு இலங்கைப் பல்கலைக்கழகச் சஞ்சிகையில் வெளியிட்டிருந்தார். எங்கள் விரிவுரையாளர் ஒருவர் அக்கட்டுரையின் மங்கலான ஒளிப்படப் பிரதியொன்றை வைத்திருந்தார். அதைக் கையால் பெயர்த்தெழுதியது இன்றும் என்னிடம் உண்டு.

கல்லின் தொடக்கப் பகுதி சிதைந்துவிட்டது. எஞ்சியிருப்பதன் சாரத்தை என் சொற்களில் தருகிறேன். பரதேசிகள், அதாவது வேற்றுநாட்டு வணிகர்கள், ஊராத்துறைக்கு வந்து தங்க வேண்டும். அவர்களுக்குப் பாதுகாப்பு அளிக்கப்பட வேண்டும். பல துறைகளிலிருந்தும் வருவோர் நம்முடைய துறையிலே கூட வேண்டும். யானையிலும் குதிரையிலும் அரசனுக்கு விருப்பம் இருப்பதால், நமக்கென்று யானை குதிரை கொண்டுவந்த மரக்கலம் உடைந்துபோனால் நாலில் ஒரு கூறு பண்டாரத்துக்கு, மீதி மூன்று கூறும் உடையவனுக்கு. வேறு சரக்குக் கொண்டுவந்த மரக்கலம் உடைந்தால் சரிபாதி பண்டாரத்துக்கு, சரிபாதி உடையவனுக்கு. இவ்விதி கல்லிலும் செம்பிலும் எழுதப்பட்டதாகக் கல்வெட்டே சொல்கிறது.

ஊராத்துறை என்பது இன்றைய ஊர்காவற்றுறை. போர்த்துக்கேயர் யானை ஏற்றிய காலத்தில் 'யானைகளின் இறங்குதுறை' என்று தங்கள் மொழியில் அழைத்தனர். அதில் 'இறங்குதுறை' என்பதற்குரிய 'கைஸ்' என்ற சொல் மட்டும் நின்று 'கயிட்ஸ்' ஆயிற்று. பன்னிரண்டாம் நூற்றாண்டில் யானைக்குச் சட்டம் வகுத்த துறை, பதினேழாம் நூற்றாண்டிலும் யானையாலேயே பெயர் பெற்றது என்பது குறிப்பிடத்தக்கது.

இக்கல்வெட்டைப் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் ஒரு விடயத்தையே எடுத்துப் பேசுவர். பொலநறுவையில் இருந்து ஆண்ட சிங்கள மன்னன் ஏன் தமிழில் எழுதினான் என்பதே அது. அவரவர் கட்சிக்கு ஏற்ப விடையும் கிடைக்கும். எனக்கு அதில் பெரிய புதிர் ஒன்றும் தோன்றவில்லை. துறையில் வந்திறங்குபவன் வாசிக்கக்கூடிய மொழியில் எழுதினால்தான் துறைச்சட்டம் பயன்படும். பல நாட்டு வணிகர் கூடும் அத்துறையில் கணக்கும் பேச்சும் எம்மொழியில் நடந்தனவோ அம்மொழியில் அரசன் தன் வாக்கைக் கொடுத்தான். இது உள்ளூர்க் குடிகளுக்கான கட்டளை மாத்திரமன்று. கையொப்பமிட்ட மறுபக்கம் இல்லாவிட்டாலும், கடலுக்கு அப்பால் இருப்பவனை நோக்கிச் செய்யப்பட்ட ஒரு வணிக உடன்பாடு என்றே இதைக் கொள்ள வேண்டும்.

பாதியை அரசன் எடுப்பது கொடுமையாயிற்றே என்று ஒரு மாணவி கேட்டாள். இன்றைக்குக் கொடுமைதான். அன்றைய வழக்கோடு ஒப்பிட்டால்தான் அதன் பெறுமதி தெரியும். ஆந்திரக் கரையில் மோட்டுப்பள்ளித் துறையில் காகதீய மன்னன் கணபதிதேவன் 1244இல் நாட்டிய அபய சாசனம் ஒன்று உண்டு. புயலில் அடிபட்டுக் கரையொதுங்கிய மரக்கலங்களின் பொன்னையும் யானையையும் குதிரையையும் மணிகளையும் முன்னைய அரசர்கள் முழுவதுமாகப் பறித்துக்கொண்டார்கள் என்று அச்சாசனமே ஒப்புக்கொள்கிறது. தான் நிர்ணயித்த வரியைத் தவிர வேறெதையும் எடுக்கமாட்டேன் என்று கணபதிதேவன் வாக்களிக்கிறான். அதாவது கரையொதுங்கியது அனைத்தும் அரசனுக்கே என்பது பரவலான வழக்கு. அந்த வழக்கை முற்றாகக் கைவிட்டவன் கணபதிதேவன். அவனுக்கு ஏறக்குறைய எண்பது ஆண்டுகளுக்கு முன்னரே, முழுவதையும் எடுக்கும் உரிமையைப் பாதியாகவும் காலாகவும் குறைத்தவன் பராக்கிரமபாகு. அவன் ஆண்டது 1153 முதல் 1186 வரை.

சரி, யானைக்கும் குதிரைக்கும் மட்டும் ஏன் தனிச் சலுகை? பராக்கிரமபாகு வாழ்நாளெல்லாம் போர் செய்தவன். பர்மாவோடு மூண்ட போருக்கே யானை வணிகம்தான் காரணம் என்று சூளவம்சம் கூறுகிறது. ராமஞ்ஞ தேசத்து அரசன் யானைகளின் விலையை உயர்த்தினான். பரிசுப்பொருளோடு வரும் கப்பலுக்கு ஒரு யானை கொடுக்கும் பழைய வழமையையும் நிறுத்தினான். தூதரையும் அவமதித்தான். இப்படி ஒரு வணிக ஏற்பாடு முறிந்ததனால் 1165ஆம் ஆண்டளவில் இங்கிருந்து கப்பற்படை புறப்பட்டது. தெவனகலக் கல்வெட்டு அப்படையெடுப்புக்குச் சான்று. மறுபுறம் பாண்டிநாட்டில் சோழரோடு ஓயாத போர். ஊராத்துறையிலும் மாதோட்டத்திலும் வேறு சில துறைகளிலும் பராக்கிரமபாகு மரக்கலம் கட்டிப் படை சேர்க்கிறான் என்று கேள்விப்பட்டுச் சோழர் தரப்பினர் வந்து அத்துறைகளை அழித்து யானைகளைப் பிடித்துச் சென்றதாகத் திருவாலங்காட்டுக் கல்வெட்டு (1178) தெரிவிக்கிறது. எங்கள் ஊர்காவற்றுறை அக்காலத்தில் ஒரே வேளையில் சந்தையாகவும் படைத்துறையாகவும் இருந்திருக்கிறது. அயலில் அல்லைப்பிட்டியில் 1970களின் பிற்பகுதியில் ஜோன் கார்ஸ்வெல் ஆய்ந்தெடுத்த சீனப் பாண்டங்களும் ஏறத்தாழ இக்காலத்துக்குச் சற்று முந்தியவை. அந்த மணலில் பனங்கிழங்குப் பாத்தி வெட்டுவோருக்கு ஓடுகள் தட்டுப்படுவது புதினமல்ல.

குதிரை இந்தப் பக்கங்களில் பிறக்கும் விலங்கன்று. நெடுந்தீவில் இன்று கட்டாக்காலியாகத் திரியும் குதிரைகளைக் காட்டி, "அரபிக்காரர் கொண்டந்தது" என்று பெரியவர்கள் சொல்வார்கள். அங்கே நிற்கும் பெருக்க மரத்தையும் அவர்களுடைய கணக்கிலேயே எழுதிவிடுவார்கள். பெருக்கின் தாயகம் ஆபிரிக்காவே. ஆனால் குதிரைகள் ஐரோப்பியர் தீவில் நடத்திய வளர்ப்புப் பண்ணைகளின் எச்சம். எனினும் ஊர் வாய்மொழியில் ஓர் உண்மை உண்டு. ஐரோப்பியருக்கு முற்பட்ட காலத்தில் போர்க்குதிரை என்றால் அது பாரசீக வளைகுடாவிலிருந்தும் அரபுத் துறைகளிலிருந்தும் வந்ததுதான்.

இங்கு கடலின் மறுகரையில் நடந்த ஒரு பேரத்தைப் பார்ப்பது பொருத்தமாகும். பதின்மூன்றாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பாண்டிய அரசுக்குக் குதிரை அனுப்பியவர் வளைகுடாவின் கைஸ் தீவை ஆண்ட வணிகப் பிரபு ஜமாலுத்தீன் இப்ராஹீம். அவருடைய சகோதரர் தகீயுத்தீன் அப்துர் ரஹ்மான் காயல் முதலான துறைகளைக் கவனித்துப் பாண்டியனின் அரசவையிலும் செல்வாக்கோடு இருந்தார். ஆண்டுக்கு 1,400 குதிரைகளை ஜமாலுத்தீன் தன் சொந்த இலாயத்திலிருந்தே அனுப்ப உடன்பட்டார் என்றும், ஒரு குதிரைக்கு 220 செம்பொன் தீனார் விலை என்றும் பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாஃப் எழுதுகிறார். இதிலுள்ள முக்கியமான நிபந்தனை யாதெனில், வழியில் செத்துப்போன குதிரைக்கும் பாண்டியன் விலை கொடுக்க வேண்டும்.

நயினாதீவுக் கல்லையும் இந்த நிபந்தனையையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒன்றில் கடல் கொண்ட இழப்பின் பெரும்பங்கு வணிகனுக்கு. போதாதற்கு, மிஞ்சியதிலும் கால் பங்கு அரசனுக்கு. மற்றதில் கடல் கொண்டது முழுவதும் அரசனின் இழப்பு. நூறு ஆண்டுகளுக்குச் சற்று மேற்பட்ட இடைவெளியில் பேரம் பேசும் பலம் எந்தப் பக்கம் சாய்ந்துவிட்டது என்பதை இந்த ஒரு வேறுபாடே காட்டுகிறது. பழைய வணிக உடன்படிக்கை எதைக் கண்டாலும் வரி வீதத்தை நான் முதலில் பார்ப்பதில்லை. சரக்கு அழிந்தால் யார் அழ வேண்டும் என்று எழுதியிருக்கிறார்கள் என்பதைத்தான் தேடுகிறேன்.

இனி மடலுக்கு வருவோம்.

ஹிஜ்ரி 682, கி.பி. 1283ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் எகிப்தின் மம்லூக் சுல்தான் மன்ஸூர் கலாவூனின் அரசவைக்கு இலங்கையிலிருந்து ஒரு தூதுக்குழு போய்ச் சேர்ந்தது. அனுப்பியவன் யாப்பஹுவவிலிருந்து ஆண்ட முதலாம் புவனேகபாகு. தலைமை தாங்கியவர் அல்ஹாஜ் அபூ உஸ்மான். ஹோர்முஸ் சென்று, பாக்தாத் வழியாகக் கெய்ரோவை அடைந்தனர். வரலாற்றாசிரியர் மக்ரீஸி இதனைப் பதிவு செய்துள்ளார். எச். டபிள்யூ. கொட்ரிங்டன் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இதை இலங்கை வாசகருக்கு எடுத்துக்காட்டினார். அரபு எழுத்தில் நம் மன்னனின் பெயர் 'அபூ நெக்பா' என்ற பாங்கில் உருமாறிக் கிடப்பதைப் பார்த்தால் புன்னகை வரும். புவனேக என்பதை ஓர் 'அபூ'வாக்கி விட்டார்கள்.

மடல் சொன்னதென்ன? தன்னிடம் முத்தும் மணிகளும் ஏராளம். கப்பல்களும் யானைகளும் மெல்லிய துகில்களும் சாயக்கட்டையும் கறுவாவும் உண்டு. ஈட்டிக்காம்புக்கு உகந்த மரம் தன் நாட்டில் விளைகிறது. சுல்தான் கேட்டால் ஆண்டுதோறும் இருபது கப்பல் கொடுக்க முடியும். எகிப்து வணிகர் தன் நாட்டில் தடையின்றி வந்து வாணிபம் செய்யலாம். முத்துக் குளிப்பு தன் ஆட்சிக்கு உட்பட்டது. இவற்றோடு அரசியலும் இருந்தது. யெமன் அரசனின் தூதன் நட்புறவு கேட்டு வந்தான் என்றும், சுல்தான் மீதுள்ள அன்பினால் அவனைத் திருப்பி அனுப்பிவிட்டதாகவும் புவனேகபாகு தெரிவிக்கிறான். தன் தூதர் திரும்பும்போது எகிப்தியத் தூதர் ஒருவர் உடன்வர வேண்டும் என்றும், ஏடனில் ஒருவர் தங்கியிருக்க வேண்டும் என்றும் கேட்கிறான்.

யெமனைத் திருப்பி அனுப்பியது வெறும் அன்பினால் என்று நம்ப வேண்டியதில்லை. அன்று யெமனை ஆண்டவர் ரஸூலிய மரபைச் சேர்ந்த முஸஃப்பர் யூஸுஃப். இந்து சமுத்திரத்துச் சரக்கு செங்கடலுக்குள் நுழையும் கதவு ஏடன். அக்கதவின் திறப்பு அவர் கையில். நடுவில் நிற்கும் ஏடன் வரி வாங்கிக்கொண்டே இருக்கும்வரை கறுவாவின் முழு இலாபமும் விளைவிப்பவனுக்கும் வாங்குபவனுக்கும் சேராது. நம் தூதுக்குழு நேர்வழியான ஏடனைத் தவிர்த்து ஹோர்முஸ் போய்ப் பாக்தாத் சுற்றிச் சென்றதற்கும் இதுவே காரணமாகலாம் என்பது என் ஊகம். யெமன் தூதனைத் திருப்பிவிட்டதாகக் கூறும் மடலைச் சுமந்துகொண்டு யெமன் துறையில் இறங்குவது புத்திசாலித்தனமல்லவே.

ஆனால் இச்சம்பவத்தில் என் மனதைத் தொட்டது வேறு. மடல் விரித்தபோது அதை வாசிக்கக்கூடியவர் ஒருவர்கூடக் கெய்ரோ நகரில் இல்லை என்கிறார் மக்ரீஸி. அபூ உஸ்மான்தான் வாயால் எடுத்துச் சொன்னார். ஆக, மேலே நான் அடுக்கிய அத்தனை வாக்குறுதிகளும் அந்த ஒரு மனிதரின் நாவிலிருந்து வந்தவை. பௌத்த அரசன் ஒருவன் தன் நாட்டின் முத்தையும் கறுவாவையும் முன்வைத்துப் பேச, ஹஜ் செய்த ஒருவரை நம்பி அனுப்புகிறான். அவர் சொல்வதை வேறெந்தச் சான்றுமின்றி சுல்தான் நம்புகிறார். பதவியும் படையும் இல்லாத ஒரு வணிகனின் வாயை நம்பி இரண்டு அரசுகள் பேசிக்கொண்டன. ஊராத்துறை விதி கல்லில், வருபவன் வாசிக்கும் மொழியில் இருந்தது. யாப்பஹுவவின் மடலோ எவராலும் வாசிக்கப்படாமலே தன் வேலையைச் செய்தது.

முழுவதும் செய்தது என்று சொல்லிவிட முடியாது. தூதுக்குழு மரியாதையோடு வரவேற்கப்பட்டுப் பதிலும் பெற்றது. ஆனால் அடுத்த ஆண்டளவில் புவனேகபாகு இறந்தான். பஞ்சமும் வந்தது. பாண்டியனின் தளபதி ஆரியச்சக்கரவர்த்தி படையெடுத்து வந்து யாப்பஹுவவைக் கைப்பற்றித் தந்ததாதுவையும் எடுத்துச் சென்றான். இருபது கப்பல் பேச்சு அத்தோடு கரைந்தது. கலாவூன் மட்டும் தன் பக்கத்து வேலையை விடவில்லை. 1288இல் யெமன், ஹிந்து, சிந்து, சீனம் ஆகிய தேசங்களின் வணிகருக்கு அவர் ஓர் 'அமான்' பத்திரம் வெளியிட்டார். அமான் என்றால் அபயம், பாதுகாப்பு வாக்குறுதி. அதை கல்கஷந்தி தன் பெருநூலில் பாதுகாத்து வைத்துள்ளார். நம் நாட்டுக்கு வாருங்கள், நீதி கிடைக்கும், அச்சமில்லை என்று அழைக்கும் அப்பத்திரம் ஓரிடத்தில் தனிச்சலுகை பேசுகிறது. மம்லூக்குகளை, அதாவது அடிமை இளைஞர்களை, கொண்டுவருவோருக்கு எதிர்பார்ப்பதிலும் கூடிய விலை கிடைக்கும் என்கிறது. கலாவூனின் படையே அப்படி வாங்கப்பட்டவர்களால் ஆனது. அவரும் அவ்வாறே வாங்கப்பட்டு வந்தவர்தாம். பராக்கிரமபாகு யானைக்கும் குதிரைக்கும் காட்டிய தயவு இங்கே மனிதப் பிள்ளைகளுக்குக் காட்டப்படுகிறது. வணிகனுக்கு அரசன் எந்த இடத்தில் இளகுகிறான் என்று பார்த்தால், அவன் படைக்கு என்ன தேவைப்பட்டது என்பது தெரிந்துவிடும். இதை எழுதும்போது கை கூசுகிறது. என்றாலும் அமான் பத்திரத்தின் அழகிய சொற்களை மட்டும் எடுத்துப் பெருமை பேசுவது நேர்மையாகாது.

யாப்பஹுவ உதறிய யெமனை யாழ்ப்பாணத்தார் உதறவில்லை. 1344இல் இப்னு பதூதா இலங்கைக்கு வந்தபோது, திசைமாறிய அவரது கப்பல் ஆரியச்சக்கரவர்த்தியின் கரையை அண்டியது. இந்த அரசனின் கரை வணிகருக்குப் பாதுகாப்பானதல்ல என்று மாலுமி இறங்க மறுத்தான். இப்னு பதூதாதான் முதலில் இறங்கி, தான் மஃபர் சுல்தானின் உறவினன் என்று சொல்லி அபயம் பெற்றார். இதே அரசனின் நூறு கப்பல்கள், சிறியனவும் பெரியனவுமாக, மஃபர் துறைக்கு வந்து நின்றதைத் தான் கண்டதாகவும் அவர் எழுதுகிறார். அத்துறையில் யெமனுக்குப் புறப்பட இருந்த மஃபர் சுல்தானின் எட்டுக் கப்பல்களைக் கைப்பற்ற வாய்ப்புத் தேடி, அது கிடைக்காதபோது, "நாங்கள் யெமன் செல்லும் எங்கள் கப்பல்களுக்குக் காவலாக வந்தோம்" என்ற பொருள்படச் சொன்னார்களாம். சாட்டாக இருந்தாலும் நம்பத்தகுந்த சாட்டைத்தானே சொல்லியிருப்பார்கள். யாழ்ப்பாண அரசின் கப்பல்கள் யெமன் போய்வந்தன என்பது எல்லோரும் அறிந்த செய்தியாக இருந்திருக்க வேண்டும். மாலுமி அஞ்சிய அந்த அரசன் பாரசீகம் விளங்கிக்கொண்டான். விருந்தாளிக்கு முத்துக் கொடுத்தான். பாவாத மலைக்குப் பல்லக்கும் துணையாட்களும் கொடுத்து அனுப்பினான். திரும்பும்வரை கப்பலும் பத்திரமாகக் காத்திருந்தது. வாக்குக் கொடுத்த இடத்தில் அவனும் வாக்கைக் காத்தான். இங்கிருந்து புறப்பட்ட இப்னு பதூதாவின் கப்பல் மஃபர்க் கரைக்கு அண்மையில் உடைந்தது. பின்னர் மேற்குக்கரையில் கொள்ளையர் கையில், நம் அரசன் கொடுத்த மணிகளையும் இழந்தார்.

இப்னு பதூதா ஆரியச்சக்கரவர்த்தியைச் சந்தித்த ஊரை 'பத்தாலா' என்று எழுதியுள்ளார். புத்தளம் அது. கறுவாக் கட்டைகள் கரையில் குவிந்து கிடந்தன என்று எழுதுகிறார். நான் கண்ட புத்தளம் வேறு. 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது எனக்குப் பத்து வயது. யாழ்ப்பாணத்தில் வாப்பா கயிறும் வலையும் விற்ற சிறிய கடை வைத்திருந்தார். தீவகத்துக் கடற்றொழிலாளர் பலர் அவரிடம் கடனுக்குச் சாமான் எடுப்பார்கள். கடையை அப்படியே விட்டுவிட்டுப் புறப்படச் சொன்னார்கள். எவ்வளவு கொண்டுபோகலாம் என்பதையும் அவர்களே தீர்மானித்தார்கள். புத்தளத்தில் கிடுகுக் கொட்டிலில் வளர்ந்தவன் நான்.

2002இல் யுத்தநிறுத்தம் வந்து ஏ9 பாதை திறந்த பிறகு ஒருநாள் ஊர்காவற்றுறைப் பக்கத்து மனிதர் ஒருவர் எங்கள் கொட்டிலைத் தேடி வந்தார். வாப்பாவிடம் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன்னர் வலை எடுத்தவர். கைலேஞ்சியில் முடிந்து காசு கொண்டுவந்திருந்தார். "நானா, வள்ளமும் வலையும் அந்தக் காலத்திலேயே போச்சுது. எண்டாலும் கணக்குக் கணக்குத்தானே" என்றார். வாப்பா காசை எண்ணினார். பாதியை எடுத்துக்கொண்டு மீதியை அவர் கையில் வைத்தார். "கடல்ல போனதுக்கு ரெண்டு பேரும் பாதிப் பாதி, தம்பி" என்றார். உம்மாவுக்கு அன்று சரியான கோபம். அந்த மாதம் எங்களுக்கு அரிசிக்கே வழியில்லை.

வாப்பா கல்வெட்டு எதையும் வாசித்தவரல்லர். அவருக்கு அந்தப் பாதிக் கணக்கு எங்கிருந்து வந்தது என்று நான் கேட்கவுமில்லை. பல ஆண்டுகளுக்குப் பின் கோப்பாயில் அந்த மங்கலான பிரதியில் 'சரிபாதி' என்ற இடத்தை எட்டியபோது எழுதுவதை நிறுத்திவிட்டுச் சற்று நேரம் இருந்தேன்.

கப்பலுடைவு விதியின் கதை மத்தியகாலத்தோடு முடிந்துவிடவில்லை. மஸ்கட் என்றதும் நம்மவர்க்குக் கல்யாண வீட்டு மஸ்கட்தான் நினைவுக்கு வரும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் மேற்குலக வல்லரசுகள் வரிசையில் நின்று உடன்படிக்கை செய்த சுல்தானகம் அது. மஸ்கட்டையும் ஸன்ஸிபாரையும் சேர்த்து ஆண்ட ஸெய்யித் ஸஈதுடன் ஐக்கிய அமெரிக்கா 1833 செப்டெம்பர் 21இல் ஓர் உடன்படிக்கை செய்தது. அமெரிக்கத் தரப்பில் வந்தவர் எட்மண்ட் ரொபர்ட்ஸ். இறக்கும் சரக்குக்கு நூற்றுக்கு ஐந்துக்கு மேல் வரியில்லை என்பதை எல்லா நூல்களும் சொல்லும். நான் முதலில் தேடிப் பார்த்தது ஐந்தாம் பிரிவை. அமெரிக்கக் கப்பல் சுல்தானின் கரையில் உடைந்தால், தப்பி வந்தவர்களைச் சுல்தான் தன் செலவில் உபசரிக்க வேண்டும். மீட்ட சரக்கைப் பத்திரப்படுத்தி உரியவரிடம் கொடுக்க வேண்டும். அரசனுக்குப் பங்கு என்ற பேச்சே இல்லை. ஊராத்துறையில் பாதியாகவும் காலாகவும் இருந்த அரசபங்கு இங்கே பூச்சியமாகிவிட்டது. அதற்கும் மேலே சாப்பாட்டுச் செலவு வேறு. ஸஈத் எழுத்தோடு நிற்கவில்லை. 1835இல் உடன்படிக்கையை உறுதிசெய்ய ரொபர்ட்ஸைச் சுமந்து வந்த 'பீகொக்' என்ற போர்க்கப்பல் ஓமானின் மஸீரா தீவருகே தரைதட்டியது. பாரம் குறைக்கப் பீரங்கிகளைக் கடலில் தள்ள நேர்ந்தது. சுல்தான் உதவிக்கு ஆட்களை அனுப்பினார்; கடலில் தள்ளியவற்றைப் பின்னர் எடுப்பித்துக் கொடுக்கவும் செய்தார். வந்தவன் வல்லரசுக்காரன் என்பதும் இத்தாராளத்துக்கு ஒரு காரணம் என்பதை மறுக்க முடியாது. ஊராத்துறைக்கு வந்த பரதேசிக்குப் பின்னால் பீரங்கிக் கப்பல் எதுவும் நிற்கவில்லை.

நயினாதீவில் பிள்ளைகள் கல்லைச் சுற்றி நெருங்கி நின்றார்கள். தேய்ந்த எழுத்துகளில் ஒன்றிரண்டைத் தடவித் தடவிக் கண்டுபிடித்தார்கள். பழைய 'க'வையும் 'த'வையும் அடையாளம் கண்டவனுக்கு அன்றைக்குப் பெரிய மதிப்பு. படகுக்கு இன்னும் நேரம் இருந்தபடியால் இறங்குதுறை மரநிழலில் இருத்தி ஒரு கணக்குக் கொடுத்தேன். நாற்பது குதிரைகளோடு வந்த மரக்கலம் ஊராத்துறைக்கு வெளியே உடைகிறது. பன்னிரண்டு குதிரைகள் உயிரோடு கரையேறுகின்றன. பண்டாரத்துக்கு எத்தனை, உடையவனுக்கு எத்தனை?

மூன்றும் ஒன்பதும் என்று பலர் ஒரே குரலில் சொன்னார்கள். முதல்நாள் கேள்வி கேட்ட பையன் மட்டும் கையை உயர்த்தியபடி இருந்தான்.

"சேர், குதிரையும் துணியும் ஒரே கப்பலில வந்து உடைஞ்சால்?"

கல்லில் அதற்கு விடை இல்லை. அதைச் சொன்னேன். அப்படியானால் வணிகன் என்ன செய்திருப்பான் என்று அவர்களுக்குள்ளேயே வாதம் தொடங்கியது. எல்லாச் சரக்கும் குதிரையின் தீனி என்று சாதித்திருப்பான் என்றாள் ஒருத்தி. படகுக்காரர் கூப்பிடும்வரை அது ஓயவில்லை.